மேலே கேட்டுத்தான் சொல்லணும்

மூணாற்றுத் தலைப்பில் எனக்கு இருபத்திரண்டு வருஷம்.
எந்தப் பலகை எத்தனை சுற்றுக்கு எவ்வளவு ஏறும்,
எந்தத் திருகு கிரீஸ் கேட்கும்,
எது பாதியில் அடம்பிடித்து நிற்கும்,
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ராத்திரி இரண்டேகால்.
நீடாமங்கலத்து மாடிப் போர்ஷனில்
வாஷ்பேசினுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் திருகு
தானாகக் கழன்று எகிறி
எதிர்ச்சுவரில் பட்டு விழுந்தது.
அவ்வளவுதான்.
அதற்கப்புறம் தண்ணீர் யாரையும் கேட்கவில்லை.

கட்டைவிரலை வைத்தேன், போதவில்லை.
வேட்டியைச் சுருட்டி அடைத்தேன், துப்பியது.
ஓடிப்போய் மோட்டார் சுவிட்சை அணைத்தேன்.
மோட்டார் ஓடவே இல்லை.
படியிறங்கி வாசலுக்கு ஓடி
பேரூராட்சிக் குழாயின் மூடியைப் பெயர்த்து
கரப்பான்களுக்கு நடுவே கையை விட்டு
அதையும் இறுக்கிவிட்டு வந்தேன்.
அது இனிமேல் வரப்போகிற தண்ணீர்.
கொட்டுவதோ
நேற்றே வந்து, நேற்றே ஏறி,
மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டியில்
ஆயிரம் லிட்டராய் உட்கார்ந்திருந்த தண்ணீர்.

மேட்டூரை மூடினால்
கல்லணைக்கு வந்துவிட்டது திரும்பியா போகும்?
எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறேன்!
சொந்தக் கால் நனையும்போது
ஒன்றும் நினைவுக்கு வருவதில்லை.

சகாயமேரி பேசவில்லை.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
இரும்பு ஏணி ஏறினாள்.
"நாலு வால்வு இருக்கு. எது?"

வீடு பார்க்க வந்த அன்று
வாசல் கிழக்கா என்று கேட்டேன்,
அட்வான்ஸைக் குறைக்கச் சொல்லிக் கேட்டேன்,
தண்ணீரை எங்கே நிறுத்துவது என்று கேட்கவில்லை.
வீட்டுக்காரர் மஸ்கட்டில்.
ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது.

ஒவ்வொரு குழாயிலும் உள்ளங்கை வைத்தாளாம்.
மூன்று சும்மா கிடந்தன.
ஒன்று மட்டும்
ஓடுகிற பஸ்ஸின் கம்பி மாதிரி
அதிர்ந்துகொண்டிருந்தது.
வெயிலில் சிவப்பு வெளுத்து ரோஸான கைப்பிடி.
துரு. அசையவில்லை.

"இறுக்காதே!
திறக்கிற பக்கம் கொஞ்சம் விட்டுக்கொடு,
அப்புறம் மூடு!"
அந்த ராத்திரியில்
நான் சொன்ன உருப்படியான வார்த்தை இது ஒன்றுதான்.
அதுவும் தலைப்பின் மூன்றாம் பலகை
எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

சத்தம் மெலிந்தது.
நூலாயிற்று. குழாயில் மிச்சமிருந்ததும் வடிந்து
சொட்டாயிற்று.
பழக்கதோஷம்,
காலண்டர் தாளின் முதுகில் குறித்துவைத்தேன்:
திறப்பு 2.15. மூடல் 2.50.
வெளியேற்றம் அளக்கப்படவில்லை.
சேதம்: கோரைப்பாய் ஒன்று, ரேஷன் அரிசி கால் மூட்டை,
என் வேட்டி.

விடிந்ததும் கதவு தட்டினாள்
கீழ்வீட்டு அம்சவல்லி. வாயோரம் பற்பசை நுரை.
"எங்களுக்கு ஏன் தண்ணி வரல?"

அந்த ஒரே குழாயில்தான்
அவள் வீடும் கிளை பிரிகிறது என்பது
அப்போதுதான் உறைத்தது.
கடைமடையிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து
ஒவ்வொரு குறுவைக்கும்
இதே கேள்வியோடு நின்றவர்கள் எத்தனை பேர்.
வாய் தானாகவே சொல்லிவிட்டது:
"மேலே கேட்டுத்தான் சொல்லணும்."

மேலே
நெயில்பாலிஷால் வால்வுகளுக்குப்
பெயர் எழுதிக்கொண்டிருந்த சகாயமேரி
கைப்பிடிச்சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள்.

"ம். கேளுங்க."