தாங்கும் எடை

பதினைந்து பேர், ஆயிரம் கிலோ.
அந்தத் தகரப் பலகையை முடுக்கிய திருகாணி நான்கும்
என் கைப்பட்டவை.
அதற்கு மேல் ஏறினால் மணி அடிக்கும்,
கதவு மூடாது.
யாராக இருந்தாலும் ஒருவர் இறங்கத்தான் வேண்டும்.

கொம்தாரில் மின்தூக்கி பார்க்கிறவன் நான்.
இன்னாசி என்று சட்டையில் தைத்திருக்கும்.
முதலமைச்சர்கள் என் முழங்கைத் தூரத்தில் நின்றிருக்கிறார்கள்.
மேலே போகும்போது எல்லாரும்
எண்களையே பார்க்கிறார்கள்:
பதினொன்று, பன்னிரண்டு,
இருபத்தெட்டு வரும்வரை
தொண்டையைச் செருமுவதோடு சரி.

அன்று வாக்கு எண்ணி முடிக்க நள்ளிரவு தாண்டிவிட்டது.
நான்காம் தூக்கியில் வடம் முனகுகிறது என்று
எண்ணெய்க் குவளையோடு உள்ளே நின்றிருந்தேன்.
இருபத்தெட்டில் கதவு திறந்தது.
அவர்.
யாரென்று கேட்காதீர்கள், கட்சியும் வேண்டாம்.
ஒரு கையில் செடித்தொட்டி,
மறு கையில் அலுவலகத்துக்குள் போடுகிற பழைய செருப்பு.
மெய்க்காவலர் இல்லை. கோப்புத் தூக்கும் பையன் இல்லை.
“துருனா, டத்தோ?”
“வேறெங்கே” என்றார் மலாயில்.

இருபத்தெட்டு மாடி இறங்க ஒரு நிமிடம்கூட ஆகாது.
அதற்குள் எத்தனை பேர் இறங்கிப் போய்விட்டார்கள்
இந்தத் தீவிலிருந்து!

கப்பலில் வந்தவன் ஒருவன்
பீரங்கியில் வெள்ளிக்காசு திணித்துக் காட்டுக்குள் சுட்டானாம்,
காசு பொறுக்கப் போனவர்கள் காட்டை வெட்டித் தீர்த்தார்களாம்.
சுட்டவனுக்குக் கோட்டையில் சிலை இருக்கிறது.
பொறுக்கியவன் பெயர் ஒரு கல்லிலும் இல்லை.
பிறகு தொப்பியில் இறகு செருகிய துரைமார்.
மூன்றரை வருடம்
இடுப்பில் வாள் கட்டியவர்கள்.
மறுபடி இறகு.
தனியாய்ப் போகிறோம் என்று ஒரு கூட்டம் கேட்டுப் பார்த்தது,
கிடைக்கவில்லை.
தெற்கே இன்னொரு தீவு பிற்பாடு தனியாய்ப் போய்
ஒரு பிரதமரை வைத்துக்கொண்டது.
நமக்கு முதலமைச்சர்.
சுல்தான் இல்லாத மண்.
ஆளுநருக்கு முத்திரை;
இவருக்கு வெள்ளம், குப்பை, பெர்ரி, தண்ணீர்க் கட்டணம்.
கோலாலம்பூர் கையை விரித்தால்
இவர் கையைப் பிசைய வேண்டும்.

இறகுக்காரர்களை யாரும் எண்ணிப் பார்த்து எடுக்கவில்லை.
செடித்தொட்டிக்காரரை எண்ணி எடுத்தோம்,
எண்ணியே விட்டோம்.
இரண்டு எண்ணிக்கையிலும் என் சீட்டு ஒன்று உண்டு.
அதை நினைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன்.

ஒன்பதாம் மாடியில் அவர் கேட்டார்:
“இது ஏன் இப்படி முனகுகிறது?”
“எப்போதும் முனகுகிறதுதான், டத்தோ.
கூட்டம் இருந்தால் காதில் விழாது.”

பினாங்கு என்றால் பாக்கு.
கொடியில் நிற்பதும் பாக்குமரம்தான்.
எங்கள் ஆட்கள் பாக்கு வைத்து அழைப்பார்கள்,
விருந்து முடிந்ததும்
பாக்கு கொடுத்து அனுப்புவார்கள்.
இரண்டு வேலைக்கும் ஒரே பாக்கு.

கீழ்த்தளம்.
என் பையைத் துழாவினேன். பாக்குக்கு எங்கே போவது?
பாதி தின்ற ஜாதிக்காய்ப் பொட்டலம் இருந்தது, நீட்டினேன்.
செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
வாங்கிக்கொண்டார்.
எண்ணெய்க் கறை பார்த்தாரா, தெரியாது.
ரொசைடி பாதித் தூக்கத்தில் எழுந்து
சல்யூட் அடிக்கலாமா கூடாதா என்று
கையை நெற்றிவரை கொண்டுபோய்த் தலையைச் சொறிந்தான்.

மறுநாள் வெயிலோடு புதியவர் வந்தார்.
மாலை, படப்பெட்டி, மச்சான், மச்சானுடைய நண்பர்.
நான்காம் தூக்கிக்குள் எல்லாரும் நுழைந்தார்கள்.
மணி அடித்தது.
ஒருவரும் அசையவில்லை.
எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள்,
புதியவரும்.

கடைசியில் நான் இறங்கினேன்.
கதவு மூடிற்று.
காதை வைத்துக் கேட்டேன்,
முனகலே இல்லை.