துருகம்

சனிக்கிழமை சம்பளம் போட்டார்கள்.
ஞாயிறு ஆறே முக்காலுக்கு
ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர்,
இரண்டு டிபன் கேரியர்,
கால்களில் தேய்ந்த ரப்பர் செருப்பு.
நாளெல்லாம் ஷூ தைக்கிறவர்கள்தான்.

வழி சொன்னவன் சீத்தாப்பழம் பறிக்கிறவன்:
"பைப்லைனை விட்டு எடதுபக்கம் ஏறுங்க,
கோட்டை தானா வரும்."
தானாக வந்தவை
உண்ணிமுள், ஒரு பாம்புச் சட்டை,
யாரோ குடித்துப் போட்ட புட்டி,
மூச்சுக்கு மூச்சு கனகவல்லியின் வசவு.

பத்தரைக்கு ஒரு மேட்டில் உட்கார்ந்தோம்.
கோட்டை வரவில்லை.
"வெள்ளைக்காரன் இடிச்சிருப்பான்."
"லாரிக்காரன் கல்லை அள்ளியிருப்பான்."
"நம்ம சூப்பர்வைசர் கணக்குல சேத்திருப்பான்."
சிரித்த சிரிப்பில் கேரியர் சாய்ந்து
கத்தரிக்காய்த் தொக்கு
என் முதுகுக்குப் பின்னால் வழிந்தது.

துடைக்கப் போன விரல் நின்றது.
பதினோரு வருடம் தோலின் மடிப்பைத் தடவிய விரல்,
இரண்டு முறை ஊசி புகுந்து வந்த விரல்.
எது தானாக விளைந்தது
எது சேர்த்து வைத்தது என்று
கண்ணுக்கு முன்னால் அதற்குத் தெரிந்துவிடும்.

பாசியைச் சுரண்டினேன். சுண்ணாம்பு.
ஒரு கல், அடுத்த கல்,
இடையில் நகம் நுழையாத இணைப்பு.
எழுந்து பின்னால் போனோம்.
போகப் போக
இச்சிமர வேருக்குள்ளிருந்து ஒரு மதில்
அவசரமில்லாமல் எழுந்து நின்றது.
அரை மணி நேரமாய்
அதன்மேல் சாய்ந்துகொண்டுதான்
அதைக் காணோம் என்றிருக்கிறோம்.

யார் கட்டியது என்று ஜெபமணி கேட்டாள்.
ராஜா பேர் ஒருத்திக்கும் தெரியவில்லை.
போனில் சிக்னல் இல்லை.
எனக்குத் தெரியவேண்டியது வேறு:
இந்த மூலையை முடித்தவனுக்கு
அன்றைக்கு என்ன கூலி,
நடுவில் தண்ணி குடிக்க விட்டார்களா,
ஒரு கல் பிசகினால்
யார் வந்து கத்தினார்கள்.

மதிலில் கையகல ஓட்டை.
வருகிற எதிரியைப் பார்க்க வைத்திருப்பார்கள்.
கண்ணை வைத்தேன்.
தூரத்தில் பாலாறு, மணலும் இல்லாமல்.
அதற்கு இந்தப் பக்கம் நீலக் கூரை,
மூன்றாம் ஷெட்.
அதற்குள் ஜன்னலில்லாத வரிசையில்
உறை போட்டு மூடிய என் மெஷின்.

"தள்ளு, நானும் பாக்கறேன்" என்றாள் தில்ஷாத்.
தள்ளவில்லை.
அதை மேலேயிருந்து பார்ப்பது
அதுதான் முதல் தடவை.

கிளம்பும்போது
சுவரில் தொக்கின் எண்ணெய்க் கறை,
அதைச் சுற்றிக் கட்டெறும்பு.
துடைத்துவிடு, பாவம், ராஜா வீடு என்றாள் ஜெபமணி.
இருக்கட்டும் என்றேன்.