நான்கு மில்லிமீட்டர்

கல்குவாரி எடைமேடையில் எனக்குப் பதினாறு வருடம்.
லாரி ஏறும். எண் விழும். சீட்டுக் கிழியும்.
தாலியமெந்தோ ஆற்றின் கூழாங்கற்களை
டன் டன்னாக உதீனேவுக்கு அனுப்பியவள் நான்.
எண் பொய் சொல்லாது,
எனக்குத் தெரிந்த வேதம் அவ்வளவுதான்.

அக்டோபரில் ஒரு காலை, நல்ல மூடுபனி.
மேடையில் இரண்டு லாரிகள் நின்றன,
ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தபடி.
திரையிலோ ஒரு லாரிக்கான எடை.
இடது கண்ணைப் பொத்தினேன்:
ஒரே லாரி.
சீட்டைக் கொடுத்தனுப்பினேன்.

இப்படியே ஐந்து வாரம்,
ஒரு கையில் பேனா
ஒரு கையில் கண்.

எல்லை தாண்டி வரும் மிஹாதான் சொன்னான்,
ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி:
"நிவெஸ், நீ என்னைப் பார்க்குமுன்னே
உன் இடது கண் பார்த்துவிடுகிறது."

வலித்திருந்தால் அன்றே போயிருப்பேன்.
வலிக்கவில்லை.
ஓசைப்படாமல் வந்து
வாடகை கேட்காமல் உட்கார்ந்திருந்தது.

டாக்டர் செஸ்குத்தி
கண்குழியின் எலும்பு விளிம்பில்
கண்ணாடி பதித்த அளவுகோலை வைத்தார்.
"வலது பதினேழு. இடது இருபத்தொன்று."
நர்ஸ் குறித்துக்கொண்டாள்.
என் வேலையை எனக்கே செய்கிறார்கள்.
"வெற்று எடை எவ்வளவு டாக்டர்?" என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.
இமையைத் திருப்பினார்.
"சால்மன் நிறம்," என்றார்,
என்னிடம் அல்ல, விளக்கிடம்.

பிறகு, சம்பந்தமே இல்லாமல்:
"வீட்டில் பறவை உண்டா?"

உண்டு. மகன் கிராட்ஸுக்குப் போகையில்
விட்டுப்போன காக்கட்டீல்.
பெயர் மேயர். நடை அப்படி.
இந்தப் பக்கத்துக் கண்களில் சிலவற்றில்
பறவைவழி வரும் ஒரு கிருமி
நிணநீர் அணுக்களைச் சீண்டிக்கொண்டே இருக்குமாம்,
சீண்டச் சீண்ட அவை பெருகுமாம்,
ஒருநாள் நிறுத்தவே மறந்துவிடுமாம்.

இமை மடிப்பில் கீறி
பட்டாணியளவு எடுத்தார்கள்.
பதினோரு நாள்.
"நிணநீர்ப் புற்று. மெதுவான வகை."
மெதுவானது என்றால் நல்லதா?
"பொறுமையானது," என்றார்.

வயிறு, நெஞ்சு, எலும்பு மஜ்ஜை,
எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்தார்கள்.
வேறெங்கும் குடியில்லை.

முதலில் மாத்திரை, மூன்று வாரம், வேளைக்கு ஒன்றாக.
"புற்றுக்கு ஆன்டிபயாடிக்கா?" மருந்துக்கடைக்காரர்
சீட்டை இருமுறை படித்தார்.
மேயருக்கும் பரிசோதனை நடந்தது.
மேயர் நிரபராதி.
அதை அவனிடம் சொன்னேன்,
என் விரலைக் கடித்தான்.

மூன்று மாதம் கழித்து இருபது. அதோடு நின்றுவிட்டது.

ஆகவே கதிர். பன்னிரண்டு காலைகள்.
என் முகத்தின் மேலேயே இளக்கி வார்த்த வலைமுகமூடி,
விழிமேல் ஒரு சின்ன உலோகத் தொப்பி.
எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்தினார்கள்.
மூடிய கண்ணுக்குள்
நீலம்.
எந்த வானத்திலும் பார்த்திராத நீலம்,
சத்தமில்லாத மின்னல்.
பயந்துபோய்ச் சொன்னேன். "சிலருக்குத் தெரியும்,"
என்றாள் கதிர்க்கூடத்துப் பெண்,
மழை வரும் என்பதுபோல.
ஒன்பதாம் நாளிலிருந்து
அதைப் பார்க்கத்தான் போனேன் என்றால்
யாரும் நம்பமாட்டார்கள்.

இப்போது பதினெட்டு.
கீழிமையில் முடி இல்லை. கண் உலர்கிறது,
மணிக்கொரு சொட்டு மருந்து.
பின்னாளில் புரை வரலாம், வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.
ஆறு மாதத்துக்கொருமுறை ஸ்கேன்.
மீதி ஒரு மில்லிமீட்டரை
அனுமதிக்கப்பட்ட பிழை என்று எழுதிக்கொண்டேன்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள்
லாரிகள் வருமுன்
மேடையில் நானே ஏறி நின்றேன்.
திரை அறுபது என்றது.
ஒரு நிமிடம் கழித்து எண்பது.
இருபது கிலோவுக்குக் கீழே
அதற்குக் கணக்கில்லை.

என் கண்ணுக்குப் பின்னால் இருந்தது
இரண்டு கிராம் இருந்திருக்குமா?

மிஹா ஹாரன் அடித்தான்.
இறங்கினேன்.
ஒரே ஒரு லாரி.