ஊதக் கூடாது

குடிகாட்டுக் கம்பெனியில்
எட்டு மணி நேரம் சாயத்தோடு நிற்பவன் நான்.
நகக்கண்ணில் எப்போதும் ஒரு நீலம்.
தண்ணீர் போகிற வழியெல்லாம் சாயம் போகும்,
அடைத்த இடத்தில் திகைத்து நிற்கும்.
இதற்கு மேல் எனக்குப் படிப்பில்லை.

ஜிப்மரில்
செம்மலரின் தொடை வழியே குழாய் நுழைத்துத்
தலைக்குச் சாயம் விட்டார்கள்.
திரையில் கறுப்பாக ஏறியது,
நெற்றிக்குப் பின்னால் ஓரிடத்தில் நின்றது,
பிறகு
ஈர விறகு புகைவது போல்
வழி தெரியாமல் கலைந்தது.

"புகை மாதிரி தெரியுதா?
ஜப்பான்காரங்க இந்த நோய்க்கு வெச்ச பேரே அதுதான்.
பெரிய நாளம் சுருங்குது,
மூளை பதறிப்போய் நூல் நூலா விடுது."
லட்சத்தில் ஒரு பிள்ளைக்கு வரலாம் என்றார் டாக்டரம்மா.
மீதிப் பிள்ளைகள் எல்லாம்
கோரிமேட்டில் பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அழ விடாதீங்க.
பலூன் வேண்டாம்.
சூடான எதையும் ஊதித் தின்ன வேண்டாம்.
வேகமாய் மூச்சு விட்டால்
இருக்கிற வழியும் இறுகிவிடும்.

முன்பே யாராவது சொல்லியிருந்தால்
ரசஞ்சோற்றை ஊதி ஊதித் தின்றவள்
இடது கையிலிருந்து தட்டை நழுவவிட்ட இரவில்
நான் அடித்திருக்க மாட்டேன்.
அடித்ததில் அழுதாள்.
அழுததில் வாய் கோணியது.

அதன்பின் வீட்டில் அவள் வைத்ததே சட்டம்.
தென்னவன் தன் சைக்கிளைக் கொடுத்தான்,
ஊதலைத் தானே பரண்மேல் போட்டான்.
ஐந்து வயது அவனுக்கு.
வேம்பு இட்லியை ஃபேனுக்கடியில் ஆறவைத்தாள்,
நாங்கள் எல்லோரும் ஆறியதையே தின்றோம்.

காதோரம் துடிக்கும் நாளத்தை எடுத்து
மூளைமேல் கிடத்தி மூடினார்கள்.
எதோடும் இணைக்கவில்லை.
பக்கத்தில் கிடந்தால் அதுவே வேர்விடும் என்றார்கள்.
குழாயோடு குழாய் பூட்டியே பழகியவன்
எப்படி நம்புவேன்?

எட்டு மாதம் கழித்து மறுபடி படம்.
மிஷின் தடதடக்க, அசையாமல் கிடந்து
ஆயிரத்து நாற்பது வரை எண்ணினாளாம்.
வேர் விட்டிருந்தது.
புகை கொஞ்சம் அடங்கியிருந்தது. கொஞ்சம்தான்.
வலது பக்கம் முடிந்தது,
இடது பக்கம் ஆடிக்குப் பிறகு.

திரும்புகையில் கன்னியக்கோயில் தாண்டி
ஜன்னல் சீட்டுக்குச் சண்டை.
தென்னவன் இம்முறை விட்டுக்கொடுக்கவில்லை.
பெண்ணையாற்றுப் பாலம் முழுக்க
வாய்விட்டுக் கதறினாள் செம்மலர்.

"புள்ளை அழுவுது, பெத்தவங்க
வேடிக்கை பாக்குறீங்களே" என்றார் கண்டக்டர்.

அவள் இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.
மஞ்சக்குப்பம் வரும்வரை அது
தம்பியின் காலரை விடவே இல்லை.