எண்ணிக்கை சரி

ஐந்தைந்தாய்க் கட்டி வரும் துணி.
கட்டவிழ்த்து, ஒவ்வொன்றாய் விரலால் பிரித்து
நூரைனி எண்ணுவாள்.
கூடவே நானும் எண்ணி, உரக்கச் சொல்லி,
வெள்ளைப் பலகையில் எழுதுவேன்.
வயிற்றைத் திறக்கும் முன் ஒரு முறை.
உள்ளே மூடும் முன் ஒரு முறை.
தோலைத் தைக்கும் முன் ஒரு முறை.
அன்றைக்கு முப்பது.
மூன்று முறையும் முப்பது.

ஒவ்வொரு துணியிலும் ஒரு நீல நூல் ஓடும்,
தொலைந்தால் எக்ஸ்ரேயில் காட்டிக்கொடுக்க.
தொலைந்தால்தானே?
எண்ணிக்கை சரியென்றால் யார் தேடப்போகிறார்கள்.

திருவாட்டி கோ சியூ லான், ஐம்பத்தொரு வயது.
தோ பாயோவில் மீன்பந்து நூடல்ஸ் கடை.
இரண்டு வருடம் நாலு மாதம்
அதைச் சுமந்துகொண்டே
கொதிநீரில் குனிந்து நூடல்ஸ் வடித்திருக்கிறார்.
வாயு என்றார் ஒரு டாக்டர்.
வயசு என்றார் இன்னொருவர்.
கணவர் இஞ்சி தட்டிக் கொதிக்க வைத்துக் கொடுத்தார்.
உடம்புக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.
தள்ள வழியில்லாமல், சுற்றிலும் சுவரெழுப்பி,
வேண்டாத விருந்தாளிக்கு
உள்ளறை ஒன்றைக் கட்டிக் கொடுத்திருக்கிறது.

படத்தில் பார்த்தேன்.
பேனாவில் மை வருகிறதா என்று
யாரோ கிறுக்கிப் பார்த்ததுபோல் இருந்தது.

நாலாம் மாடி அறைக்கு அழைத்தார்கள்.
தண்ணீர் பாட்டில். டிஷ்யூ பெட்டி.
தாளில் மூன்று சரிக்குறி, கீழே என் கையெழுத்து,
அவசரத்தில் கடைசி எழுத்துக்கு வால் நீண்டு.
ஷிப்ட் முடிய எத்தனை நிமிடம் இருந்தது?
பதினொன்று.
மயக்க மருந்துக்காரர்கள் பக்கமிருந்து
நூலில்லாத துணி ஏதும்
நம் வாளியில் விழுந்திருக்குமா?
நினைவில்லை.
நினைவில்லை என்பதையும் எழுதிக்கொண்டார்கள்.

தேக்காவில் அப்பா மளிகைச் சரக்கு இறக்கும்போது
முதல் மூட்டையை ஒன்று என்று சொல்ல மாட்டார்.
லாபம் என்பார். லாபம், ரெண்டு, மூணு.
ஒருவேளை எனக்குள்ளும் அந்த லாபம்
ஒளிந்திருந்து ஒன்றை விழுங்கியதோ?
விடியற்காலை மூன்று மணிக்கு
இப்படியெல்லாம் தோன்றும்.

மன்னிப்புக் கேட்க வைத்த நாளில்
மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.
மேலதிகாரிகள் பேசியதையெல்லாம்
மகள் சீனத்தில் பாதியாகக் குறைத்துச் சொன்னாள்.
கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான்:
அது எவ்வளவு பெரிசு?
யாரும் வாய் திறக்கவில்லை.
நான் உள்ளங்கையை விரித்து மேசைமேல் வைத்தேன்.
அவர் தன் கையைப் பக்கத்தில் வைத்து
அளந்து பார்த்தார்.
மணிக்கட்டில் வெந்நீர் பட்ட பழைய தழும்புகள்.
"சின்னதுதான்" என்றார், எனக்காகத் தமிழில் இல்லை,
ஆனால் புரிந்தது.
பெட்டியிலிருந்து டிஷ்யூ எடுத்தார்.
ஒன்று. இரண்டு.
எண்ணாமல் இருக்க முடியவில்லை.

நேற்று இரவு மூங்கில் கழியிலிருந்து
துணி எடுத்தேன்.
மாட்டியது இருபது கிளிப்.
கூடையில் பத்தொன்பது.
ஒன்பது மாடி இறங்கி
புளோக்கின் பின்புறப் புல்லில்
கைப்பேசி வெளிச்சத்தில் குனிந்து தேடினேன்.
பூனைகளுக்குத் தீனி வைக்க வந்த பையன்
ஆன்ட்டி, சாவியா என்றான்.
கிளிப் என்றதும் சிரிக்கவில்லை,
அவனும் குனிந்தான்.

வடிகாலோரம் கிடைத்தது.
என்னுடையவை எல்லாம் பச்சை.
இது மஞ்சள். வெயிலில் வெளுத்து,
எந்த வீட்டினுடையதோ, எந்த வருடத்ததோ.
நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.
மின்தூக்கியில் கூடைக்குள் போட்டேன்.

இருபது என்று
வாய் தானாகச் சொன்னது,
உரக்க.