இரண்டாவது எண்

பனச்சமூட்டில் சந்தையின் பாதி கேரளம்.
இங்கே மீன் வாங்கினால்
மீதிச் சில்லறை அங்கிருந்து வரும்.
தபசிமுத்துவின் வீடு அதற்கும் அப்பால்,
ரப்பர் ஷீட் தொங்கும் கொடிகளைத் தாண்டி.
புகைப்புரையை ஒட்டின அறையில் பெட்டகம்.

"மூணு நாளாச்சு வோய்.
நம்பரு அடிச்சா மிண்டாம கெடக்கு."

ஐப்பசி. மேற்கே மலைப்பக்கம் உறுமிக்கொண்டிருந்தது.
புது பேட்டரியை முகப்பில் தொட்டுப் பிடித்தேன்.
பச்சை விளக்கு ஒரு தடவை
கண் திறந்து, வேண்டாம் என்று மூடியது.
பலகையைக் கழற்றினால் உள்ளே
எறும்புக் குடித்தனம், முட்டை சகிதம்.
பால் உறைய ஊற்றும் ஆசிட்டின் நெடி
செம்புக் கோடுகளைத் தின்று
பாசி நிறத்தில் துப்பியிருந்தது.

"அவசரச் சாவி எங்கே?"
"பத்திரமா இருக்கு."
"எங்கே?"
பெட்டகத்தைக் காட்டினார்.
நான் சிரிக்கவில்லை.
முக்கால்வாசி வீடுகளில் அது அங்கேதான் இருக்கிறது.

எது நம்பகம் என்று கேட்டார்.
எல்லோரும் கேட்பதுதான்,
நான் குனிந்திருக்கும்போது, என் முதுகிடம்.
சக்கரப் பூட்டு மெல்லக் கெடும், என்றேன்.
வருஷத்துக்கு ஒரு மயிரிழை நகரும்.
நாற்பத்தேழில் விழுந்தது நாற்பத்தெட்டில் விழும்,
கை அதற்குப் பழகிக்கொள்ளும்.
எண் பூட்டு நேற்றுவரை நன்றாக இருக்கும்.
நேற்றுவரை.
ஆள் எண்ணை மறந்துவிட்டால்
இரண்டுக்கும் ஒரே வைத்தியம்: டிரில்.

புதுப் பலகை மாட்டியாயிற்று.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
முகத்தைப் பலகையோடு ஒட்டி,
ஆறு எண்ணையும் தடவித் தடவி அடித்தார்,
நான் பார்த்துவிடாதபடி முதுகை அகலமாக்கிக்கொண்டு.
மோட்டார் முனகியது. திறந்தது.

பணத்தை இரண்டு தடவை எண்ணினார். சரி.
ஆதாரம் மூன்று. சரி.
சிவப்பு டப்பாவிலிருந்து அட்டியலைத் தூக்கினார்.
கொக்கியில் வெள்ளையாக என்னவோ.
"பூஞ்சை," என்று ஊதினார்.
எனக்குக் குட்டிகூரா பவுடர் மணத்தது.

பலகைதான் செத்தது.
கதவுக்குள்ளிருக்கும் மூளை ஒன்றையும் மறக்கவில்லை.
என் கைபேசியில் வரிவரியாக இறங்கியது:
முதல் எண், சனி இரவு.
இரண்டாவது எண், வியாழன், பதினொன்று இருபது.
இரண்டாவது எண், வியாழன், பன்னிரண்டு.
அதற்கு முந்தின வியாழன்.
அதற்கும் முந்தின வியாழன்.
நாற்பது நிமிஷம், நாற்பது நிமிஷம்,
நாற்பத்திரண்டு.

"ஷீட்டு எடுத்துட்டு மார்த்தாண்டம் போறதுன்னா
வியாழன் விட்டா எனக்கு நாளே இல்ல,"
என்று வந்ததும் சொல்லியிருந்தார்,
நான் நேற்று வருவதாகச் சொன்னதற்கு.

"என்ன காட்டுது?"

அடுக்களை வாசலில் ரோசிலி.
கையில் கட்டன்சாயா இரண்டு தம்ளர்.
ஆவி போய்க்கொண்டிருந்தது,
அவள் வரவில்லை.

பதினாறு வருஷத் தொழில்.
பூட்டு பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.
"தேதியெல்லாம் குழம்பிக் கெடக்கு," என்றேன்.
"எறும்பு."
திரையை அணைத்துச் சட்டைப்பையில் போட்டேன்.

"அப்ப இந்தச் சனியன் வேண்டாம்.
சக்கரமே போடு,"
என்று கூலி எடுக்க உள்ளே போனார்.

தம்ளரை நீட்டினபடி அவள் கேட்டாள்,
மழைக்குள் ஒளித்துவைத்த குரலில்:
"சக்கரம் கணக்கு வைக்குமா?"
"வைக்காது."
"எத்தன நம்பரு?"
"ஒரே நம்பருதான் அக்கா. மூணு திருப்பு.
கோடெல்லாம் ரொம்பச் சின்னதா இருக்கும்."

கொஞ்ச நேரம் கொடிகளையே பார்த்தாள்.
மழைத்துளி விழுந்த ஷீட் ஒன்று
நாக்குபோல் சுருண்டது.

பிறகு, உள்ளே கேட்கும்படி:
"சக்கரமே போடட்டும் கேட்டேளா.
ஒங்க கண்ணுக்குக் கோடு தெரியாது.
நான் பக்கத்துல நின்னு
வாசிச்சுத் தாறேன்."