மேலே நான்கு பிக்சல்

"உனக்கு எவ்வளவு இடம் வேணும்?"
ஜன்னல் கேட்டது.
என் வட்டமானிக்காக நான் சொன்னேன்:
இருநூறுக்கு இருநூறு.
கிடைத்தது நூற்றெழுபது.
பாகப்பிரிவினையில்
பக்கத்துப் பட்டனுக்குப் போனது மிச்சம்.

உள்ளதற்குள் வரைந்தேன்.
முதலில் வில், அப்புறம் கோடுகள்,
கடைசியில்தான் முள்;
முந்தி வரைந்தால் வில் அதை விழுங்கிவிடும்.
பீளமேட்டில், என் மேசையில்,
அறுபது டிகிரியை அழகாகத் தொட்டது.

வீரபாண்டி சாயப்பட்டறையில்
ஆவிக்குள் நின்ற சென்னியப்பன்
திரையைத் துண்டால் துடைத்தார்.
மறுபடியும் துடைத்தார்.
"ஏனுங்க, 'வெபபம'ன்னு இருக்குதுங்க.
புள்ளியெல்லாம் எங்கீங்க?"

ஆங்கிலப் பெரிய எழுத்தொன்றை நிறுத்தி
உயரம் அளந்திருந்தேன்.
அதற்கு அந்தக் கூரை போதும்.
ப்பன்னாவும் ம்மன்னாவும் நிமிர்ந்ததும்
தலை போய்விட்டது.

திரும்பும் பேருந்து
நொய்யல் பாலத்தில் நின்று நின்று நகர,
மடியில் கணினியை விரித்து
நான்கு பிக்சல் கூட்டினேன்.
உயரத்தில் மட்டும்.
அதில் எதுவும் வரையவில்லை.

ராத்திரி ஷிப்டிலிருந்து ஒரு போட்டோ வந்தது:
மங்கிய திரை,
'வெப்பம்', இரண்டு புள்ளியோடும்.
முள் எங்கே நிற்கிறதென்று தெரியவில்லை.
துண்டு மறைத்திருந்தது.